ஐஎஸ்ஓ, டிஎம்ஜி, ஐஎம்ஜி திறக்க மறுக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சிடியையோ டிவிடியையோ ஹார்ட் டிஸ்க்கையோ உள்ளது உள்ளபடி ஒரே கோப்பாகப் படியெடுத்தால் அதற்குப் பெயர் டிஸ்க் இமேஜ். ஐஎஸ்ஓ, ஐஎம்ஜி, மேக் கணினிகளின் டிஎம்ஜி எல்லாம் அதன் வகைகள். அதை இரட்டைக் கிளிக் செய்ததும் 'கோப்பு கெட்டுவிட்டது' என்று கணினி சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம். பாதி நேரம் அதற்கு அர்த்தம் 'இது என்னவென்று எனக்குப் புரியவில்லை' என்பதுதான். புரியாததற்கும் கெட்டதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதே இந்தப் பக்கத்தின் வேலை.

முதலில் எதைப் பார்ப்பது?

கோப்பின் அளவை. ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போனால் ஜிபியோடு பைட் கணக்கும் இருக்கும். பைட் எண்ணிக்கையைத்தான் தரவிறக்கிய தளத்தில் கொடுத்திருப்பதோடு ஒப்பிட வேண்டும். ஜிபியை ஒப்பிட்டால் குழப்பம் வரும்: தளம் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும், விண்டோஸ் 4.37 என்று காட்டும், கோப்பு ஒன்றுதான். தளம் 1000-ஆல் பெருக்குகிறது, விண்டோஸ் 1024-ஆல். மேக் 2009 முதல் 1000 கணக்குக்கு மாறிவிட்டது; அதனால் ஒரே கோப்பு மேக்கில் பெரிதாகவும் விண்டோஸில் சிறிதாகவும் தெரியும்.

ஜிபி கணக்கில் இருக்க வேண்டியது சில கேபியில் நின்றால் அது இமேஜே அல்ல. தளம் அனுப்பிய பிழைப் பக்கமோ லாகின் பக்கமோ ஐஎஸ்ஓ என்ற பெயரில் சேமிக்கப்பட்டிருக்கும். நோட்பேடில் திறந்தால் எச்டிஎம்எல் வரிகள் தெரியும். சரியாக 4,294,967,295 பைட்டில் நின்றிருந்தால் காரணம் வேறு: பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது. அதில் ஒரு கோப்பு அதற்கு மேல் வளர முடியாது. என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட்டில் உள்ள இடத்துக்கு மறுபடி இறக்குங்கள்.

அளவு சரியாக இருக்கிறது. அப்படியானால் கோப்பும் சரிதானே?

இல்லை. நடுவில் ஒரு பைட் மாறியிருந்தாலும் அளவு மாறாது. அதற்குத்தான் ஷா-256 என்ற ஹாஷ், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற அடையாளம். நம்பகமான தளங்கள் தரவிறக்கச் சுட்டியின் அருகிலேயே 64 எழுத்து நீளமுள்ள ஒரு சரத்தைக் கொடுத்திருப்பார்கள். 32 எழுத்து என்றால் அது எம்டி5, 40 என்றால் ஷா-1. விண்டோஸில் செவன்-ஜிப் என்ற மென்பொருளை நிறுவியிருந்தால் கோப்பை ரைட் கிளிக் செய்து, சிஆர்சி ஷா என்ற பட்டியலில் ஷா-256 தேர்ந்தெடுத்தால் போதும். கமாண்ட் எதுவும் அடிக்க வேண்டாம். தொடக்கத்து நான்கைந்து எழுத்தைப் பார்த்துவிட்டு 'ஒத்துப்போகிறது' என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டையும் நோட்பேடில் அடுத்தடுத்த வரிகளில் ஒட்டினால் கண்ணே சொல்லிவிடும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு சோதனை உண்டு. ஹாஷ் ஒத்துப்போகவில்லை என்றால் அதே கோப்புக்கு இன்னொரு முறை கணக்கிடுங்கள். இரண்டாவது முறை வேறு எண் வந்தால் குற்றம் கோப்பின் மீதல்ல. கணினியின் ராம் அல்லது டிஸ்க் படிக்கும்போதே தவறு செய்கிறது. மெம்டெஸ்ட்86 போட்டு ராமைச் சோதியுங்கள். அதைச் செய்யாமல் பத்து முறை தரவிறக்கினாலும் பத்து முறையும் கெட்ட கோப்புதான் கிடைக்கும்.

கணினியில் ஹாஷ் சரியாக வருகிறது, பென் டிரைவுக்குப் போனதும் மாறுகிறது என்றால் பென் டிரைவ் போலியாக இருக்கலாம். 8 ஜிபி சிப்பை 64 ஜிபி என்று காட்டும்படி மாற்றி விற்பது புதிதல்ல. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் டிரைவ் முழுக்க எழுதிப் படித்து உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும்.

பாதி இறங்கிய ஐஎஸ்ஓ திறக்கிறது, பாதி இறங்கிய டிஎம்ஜி திறக்கவே இல்லை. ஏன்?

இரண்டின் அமைப்பே வேறு. ஐஎஸ்ஓ கோப்பில் 2048 பைட் கொண்ட துண்டுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். முதல் 16 துண்டுகள், அதாவது 32,768 பைட், வேறு பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டவை. அதற்கு அடுத்த துண்டில்தான் வட்டின் முகவரிச் சீட்டு. அதில் முதல் பைட்டை விட்டு அடுத்த ஐந்து பைட்டில் 'சிடி001' என்று ஆங்கில எழுத்தில் இருக்கும். முகவரிச் சீட்டு தலைப்பக்கம் இருப்பதால், வால் அறுந்த ஐஎஸ்ஓவும் பெரும்பாலும் மவுன்ட் ஆகி, அதாவது கணினியில் ஒரு டிரைவ் போலத் திறந்து, ஃபோல்டர்களைக் காட்டிவிடும். உள்ளே ஒரு பெரிய கோப்பைத் திறக்கும்போதோ, இன்ஸ்டால் 60 சதவீதம் தாண்டும்போதோதான் கழுத்தறுக்கும். மவுன்ட் ஆனதே என்று நம்பி விண்டோஸ் நிறுவ உட்காராதீர்கள்.

டிஎம்ஜி நேர்மாறு. எந்தத் துண்டு எங்கே இருக்கிறது, எப்படிச் சுருக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் அட்டவணைக்கு வழிகாட்டும் 512 பைட் குறிப்பு கோப்பின் கடைசியில்தான் இருக்கிறது. கடைசி சில கேபி இறங்காமல் போனாலே மேக் 'இமேஜ் அடையாளம் தெரியவில்லை' என்று சொல்லிவிடும். நீரோ உருவாக்கும் என்ஆர்ஜி, மைக்ரோசாஃப்டின் விஹெச்டி இரண்டுக்கும் இதே சுபாவம்தான், அடையாளம் வாலில். விஹெச்டிஎக்ஸில் மட்டும் தலையில்.

கெட்ட ஐஎஸ்ஓவைச் சரிசெய்யும் மென்பொருள் என்று தேடினால் நிறைய வருகிறதே?

வேண்டாம். ஐஎஸ்ஓவுக்குள் உபரித் தகவல் எதுவும் கிடையாது. இல்லாத பைட்டை எந்த மென்பொருளும் கற்பனை செய்து எழுத முடியாது. அந்தப் பட்டியலில் வருபவற்றில் பல, பணம் கட்டச் சொல்லும் வெறும் திரைதான்.

உண்மையில் பலனளிக்கும் வழி ஒன்று இருக்கிறது. உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் இயங்குதளங்கள் அதே ஐஎஸ்ஓவுக்கு டோரன்ட் கோப்பும் தருகின்றன. க்யூபிட்டோரன்ட் என்ற டோரன்ட் மென்பொருளில் அந்த டோரன்டைச் சேர்த்து, உடனே நிறுத்தி வையுங்கள். உங்கள் கெட்ட ஐஎஸ்ஓவை டோரன்டில் உள்ள அதே பெயரில், அது சேமிக்கும் ஃபோல்டரில் போடுங்கள். பிறகு ஃபோர்ஸ் ரீசெக் கொடுத்தால், மென்பொருள் ஒவ்வொரு துண்டாகச் சரிபார்த்து கெட்ட துண்டுகளை மட்டும் இறக்கிக்கொள்ளும். 5 ஜிபியை மறுபடி இழுப்பதற்குப் பதில் சில எம்பியோடு வேலை முடியும். அளவு பார்த்து டேட்டா செலவழிப்பவர்களுக்கு இது பெரிய மிச்சம்.

விண்டோஸ் 10, 11-இல் ஹாஷ் சரி, ஆனாலும் 'மவுன்ட் செய்வதில் சிக்கல்' என்று வருகிறது.

அந்தச் செய்தியை முழுதாகப் படியுங்கள். கோப்பு என்டிஎஃப்எஸ் டிரைவில் இருக்க வேண்டும், கம்ப்ரெஸ் செய்த ஃபோல்டரில் இருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கும். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: ஸ்பார்ஸ் கோப்பு. சில தரவிறக்க மென்பொருள்கள், குறிப்பாக டோரன்ட் மென்பொருள்கள், வெற்றிடத்துக்கு டிஸ்க்கில் இடம் ஒதுக்காமல் கோப்பைத் தொடங்கும். முழுதாக இறங்கி முடிந்த பிறகும் அந்த 'ஸ்பார்ஸ்' முத்திரை கோப்பின் மேலேயே நிற்கும். விண்டோஸின் மவுன்ட் வசதிக்கு அந்த முத்திரை ஆகாது. உள்ளடக்கத்தில் ஒரு பைட் குறை இருக்காது, ஹாஷ் கச்சிதமாக ஒத்துப்போகும், இருந்தும் திறக்காது.

ப்ராப்பர்ட்டீஸில் 'சைஸ்', 'சைஸ் ஆன் டிஸ்க்' இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாவது கணிசமாகக் குறைந்திருந்தால் கோப்பு ஸ்பார்ஸாகவோ கம்ப்ரெஸ் ஆகியோ இருக்கிறது. ஆனால் முழுதும் நிரம்பிய ஸ்பார்ஸ் கோப்பில் இந்த வித்தியாசம் தெரியாமலும் போகலாம். அதனால் ஆராய்ச்சியில் நேரம் போக்காமல் மருந்தைக் கொடுத்துவிடுவது மேல்: கோப்பைக் காப்பி செய்து சி டிரைவில் சாதாரண ஃபோல்டர் ஒன்றில் பேஸ்ட் செய்யுங்கள். கட் செய்து நகர்த்தக் கூடாது. அதே டிரைவுக்குள் நகர்த்தினால் பெயர்தான் இடம் மாறும், முத்திரை கூடவே போகும். காப்பி புதுக் கோப்பாக எழுதப்படுவதால் முத்திரை விழாது.

கம்ப்ரெஸ் ஆன ஃபோல்டர் என்றால் ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு போய் 'இடம் மிச்சப்படுத்தச் சுருக்கு' என்ற பொருளில் இருக்கும் டிக்கை எடுங்கள். ஒன்டிரைவில் இருக்கும் கோப்பு மேகப் படத்தோடு தெரிந்தால் அது இன்னும் கணினிக்கு வரவே இல்லை. இறக்கி, வேறு ஃபோல்டருக்குக் காப்பி எடுத்த பிறகு முயலுங்கள்.

ரைட் கிளிக் செய்தால் மவுன்ட் என்ற சொல்லே வரவில்லை.

வின்ரார், செவன்-ஜிப் போன்ற ஏதாவது ஐஎஸ்ஓ கோப்புகளைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டிருக்கும். ஓப்பன் வித் போய் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தேர்ந்தெடுத்து, எப்போதும் இதையே பயன்படுத்து என்று சொன்னால் மவுன்ட் திரும்பி வரும். அலுவலகக் கணினி என்றால் நிர்வாகியே இந்த வசதியை முடக்கியிருக்கலாம். அது கோளாறு அல்ல, கொள்கை. அவரிடம்தான் கேட்க வேண்டும்.

விண்டோஸ் 7-இல் இந்த வசதி கிடையாது. வட்டில் எழுதத்தான் தெரியும். விண்டோஸ் 8 வந்த 2012-க்குப் பிறகுதான் மவுன்ட் உள்ளேயே வந்தது. பழைய கணினிக்கு வின்சிடிஎமு என்ற மென்பொருள் போதும். கோப்புகளை எடுத்தால் போதும் என்றால் செவன்-ஜிப்பே போதும்.

மவுன்ட் ஆனது, ஆனால் உள்ளே ரீட்மீ என்ற ஒரே ஒரு கோப்புதான் இருக்கிறது.

இதைப் பார்த்து 'ஏமாற்றிவிட்டார்கள்' என்று நினைப்பவர்கள் அதிகம். அந்த ரீட்மீயைத் திறந்து படித்தால், இந்த வட்டில் யூடிஎஃப் கோப்பு முறைமை இருக்கிறது, அதை அறிந்த இயங்குதளம் வேண்டும் என்று எழுதியிருக்கும். விண்டோஸ் நிறுவல் டிவிடிகள் இப்படித்தான் செய்யப்படுகின்றன: உண்மையான கோப்புகள் யூடிஎஃப் பக்கத்தில், பழைய ஐஎஸ்ஓ 9660 பக்கத்தில் இந்த ஒரு அறிவிப்புப் பலகை மட்டும். நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள் யூடிஎஃப் தெரியாத பழசு. புதிய பதிப்பில் திறந்தால் எல்லாம் தெரியும்.

ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினிக்கான ஐஎம்ஜி கோப்பு விண்டோஸில் 'கெட்டுவிட்டது' என்கிறது. மூன்று முறை இறக்கிவிட்டேன்.

நான்காவது முறை இறக்க வேண்டாம். கோப்பு நன்றாகவே இருக்கிறது. ஐஎம்ஜி என்ற பின்னொட்டைக் கண்டால் விண்டோஸ் அதை சிடி என்று எடுத்துக்கொள்கிறது. பை தருவதோ பார்ட்டிஷன்கள் (வட்டின் தனித்தனிப் பிரிவுகள்), அவற்றின் அட்டவணை எல்லாவற்றோடும் கூடிய முழு மெமரி கார்டின் படி. சிடி முத்திரையைத் தேடிப்போய்க் கிடைக்காததால் 'கெட்டது' என்று சொல்லிவிடுகிறது.

அதை மவுன்ட் செய்யும் தேவையே பெரும்பாலும் இல்லை. ராஸ்ப்பெரி பை இமேஜர் அல்லது பலேனாஎட்சர் கொண்டு கார்டில் எழுத வேண்டும். எக்ஸ்இசட் சுருக்கத்தோடு வந்த கோப்பைப் பிரிக்காமலே இரண்டும் ஏற்கும். எழுதி முடித்ததும் விண்டோஸ் 'இந்த டிரைவை ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று ஒரு பெட்டியைக் காட்டும். கேன்சல் கொடுங்கள். லினக்ஸின் எக்ஸ்ட்4 பார்ட்டிஷனை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாததால் வரும் பெட்டி அது. ஓகே கொடுத்தால் எழுதியதெல்லாம் போச்சு.

உள்ளே எட்டிப் பார்க்க மட்டும் வேண்டுமென்றால் செவன்-ஜிப்பில் திறங்கள். இரண்டு பார்ட்டிஷன்களும் இரண்டு கோப்புகளாகத் தெரியும், அவற்றையும் ஒவ்வொன்றாகத் திறக்கலாம்.

அதே ஐஎம்ஜியை லினக்ஸில் மவுன்ட் செய்தாலும் 'தவறான கோப்பு முறைமை' என்று பிழை.

காரணம் அதேதான், ஆனால் இங்கே சரிசெய்வது எளிது. மவுன்ட் கட்டளை கோப்பின் முதல் பைட்டிலேயே கோப்பு முறைமை தொடங்கும் என்று எதிர்பார்க்கிறது. அங்கே இருப்பது பார்ட்டிஷன் அட்டவணை. எஃப்டிஸ்க் கட்டளையால் பட்டியல் எடுத்தால் ஒவ்வொரு பார்ட்டிஷனும் எந்த செக்டாரில் தொடங்குகிறது என்று தெரியும். அந்த எண்ணை 512-ஆல் பெருக்கி, ஆஃப்செட் (எத்தனை பைட் தள்ளித் தொடங்குவது என்ற) மதிப்பாகக் கொடுக்க வேண்டும். பையின் முதல் பார்ட்டிஷன் 8192-இல் தொடங்கினால் ஆஃப்செட் 4,194,304. சாதாரண டிஸ்க்குகளில் 2048-இல் தொடங்குவது வழக்கம், அப்போது 1,048,576.

கணக்குப் போடப் பிடிக்காதவர்களுக்கு: நோம் டெஸ்க்டாப்பில் கோப்பை ரைட் கிளிக் செய்து டிஸ்க் இமேஜ் மவுன்டரில் திறந்தால், அதுவே எல்லாப் பார்ட்டிஷன்களையும் தனித்தனியாக எடுத்து வைக்கும்.

பின், க்யூ என்று இரண்டு கோப்பு இருக்கிறது. எதைத் திறப்பது?

க்யூ. பின் கோப்பில் வெறும் தரவு. எந்தத் தடம் எங்கே தொடங்குகிறது என்பது க்யூவில். க்யூ வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறந்து படிக்கலாம். முதல் வரியில் பின் கோப்பின் பெயர் மேற்கோள் குறிக்குள் இருக்கும். யாராவது பின் கோப்புக்குப் பெயர் மாற்றியிருந்தால், அல்லது அங்கே வேறொருவர் கணினியின் முழு ஃபோல்டர் பாதை இருந்தால், 'கோப்பு கிடைக்கவில்லை' என்று வரும். ஃபோல்டர் பாதையை நீக்கி, பெயரை மட்டும் வைத்து, பின் கோப்பின் இப்போதைய பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தும்படி திருத்தி, இரண்டையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். எம்டிஎஸ், எம்டிஎஃப் ஜோடியிலும், குளோன்சிடியின் சிசிடி, ஐஎம்ஜி ஜோடியிலும் இதே மாதிரி: சிறிய கோப்பைத் திறக்க வேண்டும், பெரியதை அல்ல.

பின்னை ஐஎஸ்ஓ என்று பெயர் மாற்றினால் போதாதா?

போதாது. பின்னில் ஒரு துண்டு 2352 பைட்: வழக்கமான தரவு வட்டில் 16 பைட் தலைப்பு, 2048 தரவு, 288 பிழைதிருத்தம். ஐஎஸ்ஓவில் அந்த 2048 மட்டும்தான். பெயரை மாற்றினால் ஒவ்வொரு துண்டும் இடம் தவறி நிற்கும். பெயர் மாற்றிய கோப்பா என்று சந்தேகம் வந்தால் பைட் எண்ணிக்கையை வகுத்துப் பாருங்கள். 705,600,000 பைட் என்று வைத்துக்கொள்வோம். 2048-ஆல் வகுத்தால் மீதி வருகிறது. 2352-ஆல் வகுத்தால் சரியாக 3,00,000 துண்டு. அது ஐஎஸ்ஓ வேடம் போட்ட பின்.

பின்சங்கர் என்ற சிறு மென்பொருள் முறையாக மாற்றித் தரும். பாட்டுத் தடங்கள் கலந்த பழைய விளையாட்டு வட்டு என்றால் பாட்டுகள் ஐஎஸ்ஓவுக்குள் வராது. அவற்றைத் தனிக் கோப்புகளாகத்தான் தரும். அப்படிப்பட்ட வட்டுகளை க்யூவாகவே வைத்திருப்பது நல்லது.

மேக்கில் டிஎம்ஜி 'மவுன்ட் செய்யத்தக்க கோப்பு முறைமை இல்லை' என்கிறது.

கோப்பின் வயதையும் மேக்கின் வயதையும் பாருங்கள். ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமை 2017-இல் ஹை சியரா 10.13-ஓடு முழுமையாக வந்தது. அந்த முறையில் செய்த டிஎம்ஜியை எல் கேப்பிடன் 10.11-இல் திறந்தால் இந்தப் பிழை வரும். சுருக்கும் முறையும் இடிக்கும்: எல்இசட்எஃப்எஸ்இ சுருக்கத்துக்கு 10.11, எல்இசட்எம்ஏ சுருக்கத்துக்கு 10.15 வேண்டும். புதிய மேக் கையில் இருந்தால் அதில் திறந்து, உள்ளிருப்பதை ஒரு ஃபோல்டருக்குக் காப்பி செய்து, டிஸ்க் யூட்டிலிட்டியில் அந்த ஃபோல்டரிலிருந்து புதிய இமேஜ் உருவாக்குங்கள். உள்ளே இருக்கும் செயலி பழைய மேக்கில் ஓடுமா என்பது தனிக் கேள்வி.

எதிர்த்திசையிலும் இதே சிக்கல். தொண்ணூறுகளில் மேக் பயன்படுத்திய எச்எஃப்எஸ் என்ற பழைய கோப்பு முறைமை வட்டுகளைப் படிப்பதை 2019-இல் கேட்டலினா 10.15 நிறுத்திவிட்டது. அந்தக் காலத்துச் சேமிப்புகளுக்கு மொஹாவே அல்லது அதற்கு முந்தைய மேக் வேண்டும்.

இரண்டும் இல்லையென்றால் டிஸ்க் யூட்டிலிட்டியின் இமேஜஸ் மெனுவில் வெரிஃபை கொடுத்துப் பாருங்கள். 'ரிசோர்ஸ் பிஸி' என்று வந்தால் வேறேதோ நிரல் கோப்பைப் பிடித்து வைத்திருக்கிறது. மேக்கை ரீஸ்டார்ட் செய்தால் விட்டுவிடும்.

டிஎம்ஜி திறந்தது, உள்ளே உள்ள செயலி 'சேதமடைந்தது, குப்பைக்கு நகர்த்துங்கள்' என்கிறது.

இது டிஎம்ஜியின் கோளாறு அல்ல. செயலியின் டிஜிட்டல் கையொப்பம் உடைந்திருக்கிறது அல்லது இல்லை. முதலில் உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிப் பாருங்கள். 'உருவாக்கியவரைச் சரிபார்க்க முடியவில்லை' என்ற மிதமான செய்தி மட்டும் வந்தால், சிஸ்டம் செட்டிங்ஸ், பிரைவசி அண்டு செக்யூரிட்டி போய் ஓப்பன் எனிவே கொடுக்கலாம். கன்ட்ரோல் கிளிக் செய்து திறக்கும் பழைய குறுக்குவழி 2024-இல் வந்த செக்கோயாவில் இல்லை.

விண்டோஸில் டிஎம்ஜியைத் திறக்க முடியுமா?

படிக்க முடியும். செவன்-ஜிப் எச்எஃப்எஸ் பிளஸ் டிஎம்ஜிகளைப் பிரிக்கும், 22.00 பதிப்பிலிருந்து ஏபிஎஃப்எஸ்ஸும் தெரியும். ஆனால் உள்ளே இருக்கும் மேக் செயலி விண்டோஸில் ஓடாது. டிஎம்ஜியை ஐஎஸ்ஓவாக மாற்றினாலும் ஓடாது.

கீறல் விழுந்த டிவிடியிலிருந்து ஐஎஸ்ஓ எடுத்தால் பாதியில் நிற்கிறது.

சாதாரணமாகக் காப்பி எடுக்கும் மென்பொருள் முதல் கெட்ட இடத்திலேயே கைவிட்டுவிடும். லினக்ஸில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ பயன்படுத்துங்கள், செக்டார் அளவு 2048 என்று கொடுத்து. அது முதலில் நல்ல பகுதிகளை அள்ளிவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எந்தப் பகுதி படித்தாயிற்று என்று குறித்து வைக்கும் மேப் கோப்பு ஒன்றைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். அது இருந்தால் நிறுத்தித் தொடரலாம், வட்டைத் துடைத்துவிட்டுத் தொடரலாம், இன்னொரு கணினியின் டிரைவில் போட்டும் தொடரலாம். ஒரு டிரைவ் படிக்காத செக்டாரை இன்னொரு டிரைவ் படிப்பது சர்வசாதாரணம். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராக. வட்டமாகத் துடைத்தால் புதுக் கீறல் தடத்தின் போக்கிலேயே விழும், அதைத்தான் டிரைவால் சமாளிக்க முடியாது.

பாஸ்வேர்டு கேட்கும் டிஎம்ஜி. பாஸ்வேர்டு மறந்துவிட்டது.

ஏஇஎஸ் 128 அல்லது 256 பிட் மறையாக்கம் அது, பின்வாசல் கிடையாது. ஒரே நம்பிக்கை, உருவாக்கிய மேக்கில் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கீசெயின். கீசெயின் ஆக்சஸ் செயலியில் டிஎம்ஜியின் பெயரைத் தேடுங்கள். அன்றைக்கு 'நினைவில் வைத்துக்கொள்' என்று டிக் செய்திருந்தால் அங்கே கிடைக்கும்.

மின்னஞ்சலில் கூரியர் ரசீது என்று ஐஎஸ்ஓ இணைப்பு வந்திருக்கிறது, திறக்கவில்லை.

திறக்காதது உங்கள் அதிர்ஷ்டம். எந்தக் கூரியர் நிறுவனமும் ரசீதை ஐஎஸ்ஓவில் அனுப்பாது. இணையத்திலிருந்து வந்த கோப்புக்கு விண்டோஸ் போடும் எச்சரிக்கை முத்திரை, ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் கோப்புகளுக்கு முன்பு போய்ச் சேராமல் இருந்தது. வைரஸ் அனுப்புபவர்கள் அந்த ஓட்டையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். நவம்பர் 2022 புதுப்பிப்பில் மைக்ரோசாஃப்ட் அதை அடைத்தது. அதற்குப் பிறகு விண்டோஸைப் புதுப்பிக்காத கணினி என்றால் மவுன்ட் செய்தும் பார்க்க வேண்டாம். கோப்பை ஷிஃப்ட் டெலீட் கொடுத்து அழித்துவிட்டு, விண்டோஸ் அப்டேட்டை ஓட விடுங்கள்.